திருச்சூரில் பிறந்து ஊர் ஊராகப் போகும் ஊர்வலம்

கொல்லங்கோட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொச்சியில் ஆண்டுதோறும் நடக்கும் பிரைடு ஊர்வலம் எந்த ஆண்டு தொடங்கியது? சென்னைக்கு முன்பா, பின்பா? யார் தொடங்கினார்கள்? கோயம்புத்தூரில் படிக்கிறேன், ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. தமிழ்க்காரன் போய் நின்றால் ஏதாவது நினைப்பார்களா?”

தம்பி, முதலில் ஒரு திருத்தம். நீங்கள் கேட்கும் ஊர்வலம் கொச்சியுடையது அல்ல. அதற்குச் சொந்த ஊர் என்று ஒன்றே கிடையாது. பிறந்தது திருச்சூரில், 2010 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. பிறகு கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம், மறுபடி திருச்சூர், மறுபடி கொச்சி, 2023இல் மலப்புறம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ‘க்வியர் பிரைடு கேரளம்’ என்று பெயர். ‘க்வியர்’ என்பது தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலச் சொல்; ‘பிரைடு’ என்றால் பெருமிதம். பெயரில் ஊர் இல்லை, மாநிலம்தான் இருக்கிறது. சென்னை, பெங்களூர், டெல்லி ஊர்வலங்கள் தத்தம் நகரத்தின் பெயரில் நடப்பவை; கேரளத்துக்காரர்கள் மட்டும் சர்க்கஸ் கம்பெனி போல ஊர் ஊராகக் கூடாரத்தை மாற்றுகிறார்கள். இது சின்ன விவரம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் சொல்லத் தகுந்த விஷயமே அதுதான்.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் தமிழும் மலையாளமும் அச்சுக் கோத்தவன். ஈய எழுத்துப் போய்க் கணினி வந்த பிறகும் அதே வேலைதான், கையில் கறுப்பு ஒட்டவில்லை என்பது மட்டும் வித்தியாசம். ஊர்வலம் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஊரில் இது தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இறந்துவிட்டார்.

முதல் ஊர்வலத்துக்கு நானும் போனேன். நடக்கவில்லை, நடைபாதையில் நின்றேன். காகிதக் கட்டு விலை விசாரித்து வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பாலக்காட்டிலிருந்து ரயில் ஏறினேன். மழைக்காலம். குடையை முகத்தை மறைக்கிற அளவுக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியவன் போல நின்றேன். பூரம் பார்த்த ஊருக்கு அது ஒரு கூட்டமே அல்ல. வண்ணக் கொடி, கோஷம், சில முகமூடிகள். அந்த நாட்களில் இந்தியாவில் எந்த ஊரில் இந்த ஊர்வலம் நடந்தாலும் முகமூடி உண்டு. பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் பாட்டி ஒருத்தி என் குடையைத் தட்டிக் கேட்டாள்: “ஏது பார்ட்டியா மோனே?” எந்தக் கட்சியப்பா என்கிறாள். கேரளத்தில் நாலு பேர் சேர்ந்து நடந்தால் அது ஜாதா. ஜாதா என்றால் கட்சி இருக்க வேண்டும். ஒரு கட்சியும் இல்லை என்றேன். கொடியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். கட்சியே இல்லாமல் மழையில் நடப்பதாவது என்ற முகத்தோடு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. எந்தக் கட்சியின் துணையும் இல்லாமல்தான் இது தொடங்கியது. அப்படியென்றால் யார்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், வெகுதூரம் அல்ல. 1969 ஜூன் 28இல் நியூயார்க்கில் ஒரு மதுக்கடையில் போலீஸ் சோதனை, அதை எதிர்த்துக் கலகம், அடுத்த ஆண்டு அதே நாளில் ஊர்வலம் என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வானவில் கொடி 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் பறந்தது. அப்போது எட்டு நிறம், பின்னால் ஆறாயிற்று. இதற்கு மேல் அதில் நிற்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கதை வேறு. 1992 ஆகஸ்டில் டெல்லிப் போலீஸ் தலைமையகத்தின் முன்னால் ஒரு சிறு கூட்டம் நின்றது. பூங்காவில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டித்து எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு நடத்திய போராட்டம் அது. கொண்டாட்டம் என்று ஏதும் அதில் இல்லை. கொண்டாட்டத்தின் சாயலோடு முதலில் நடந்தது கொல்கத்தா: 1999 ஜூலை 2. மொத்தம் 15 பேர். ‘நட்பு நடை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள், நட்பை யார் கைது செய்ய முடியும்? 2008 ஜூனில் டெல்லியும் பெங்களூரும் சேர்ந்துகொண்டன. சென்னை 2009 ஜூன் 28, மெரினா கடற்கரை. ஆகவே சென்னைதான் முந்தியது. அதில் சந்தேகம் வேண்டாம்.

சென்னை நடந்து நான்கே நாளில், 2009 ஜூலை 2 அன்று, டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377ஆம் பிரிவின் மேல் விழுந்த முதல் பெரிய அடி அது. திருச்சூர்க்காரர்கள் தங்கள் ஊர்வலத்துக்கு அந்தத் தீர்ப்பின் ஓராண்டு நிறைவு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். கொல்கத்தாவின் நாளும் அதுவே என்பது தற்செயல். எனக்கு அந்தத் தற்செயல் பிடித்திருக்கிறது. அச்சுக் கோப்பவனுக்குத் தேதிகள் ஒரே பத்தியில் வந்து நின்றால் ஒரு சந்தோஷம்.

இனி, ஏன் திருச்சூர் என்பது. கேரளத்தில் இந்த இயக்கத்தின் வேர் சென்னையின் வேரைப் போன்றதல்ல. சென்னையில் எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்காகத் தோன்றிய சகோதரன் போன்ற அமைப்புகள் 1990களின் இறுதியிலேயே இருந்தன. பின்னால் ஓரினம், நிறங்கள் என்று வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜமாத் என்று திருநங்கைகள் சொல்லும் குடும்ப அமைப்பு, கூவாகம் திருவிழா என்று தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு சமூகமே இருந்தது. 2008இல் தமிழ்நாடு திருநங்கைகளுக்கென நல வாரியம் அமைத்தது என்றால், அரசின் முன்னால் போய் நிற்க ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்ததால்தான். கேரளத்தில் அப்படி ஒன்று இல்லை. படிப்பில் முதல் மாநிலம், சீர்திருத்தத்தில் முதல் மாநிலம் என்று மார்தட்டிய ஊரில், வீட்டில் அடி தாங்காத பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாலக்காட்டு ரயில் நிலையத்தில் அப்படி ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பை, திரும்பிப் பார்க்காத கழுத்து.

கேரளத்து வேர் பெண்களிடம் இருந்தது. 1990களில் மலையாளப் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு செய்தி வரும்: தோழிகள் இருவர் ஒன்றாக இறந்தார்கள், காரணம் தெரியவில்லை. நாலு வரிக்கு மேல் இருக்காது. நானே ஒரு வாரப் பத்திரிகைக்காக அப்படி ஒன்றைக் கோத்திருக்கிறேன். ‘காரணம் தெரியவில்லை’ என்ற சொற்களைக் கோக்கும்போது என் விரல் நின்றது. காரணம் எனக்குத் தெரியும், எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். இந்தச் செய்திகளைக் கூர்ந்து கவனித்து, இவை காதல் கதைகள், இவர்களை உயிரோடு வைத்திருக்க யாராவது வேண்டும் என்று கிளம்பியவர்கள் 2002இல் உருவாக்கியதுதான் சஹயாத்ரிகா. உடன் பயணிப்பவள் என்று பொருள். பெண்ணை நேசிக்கும் பெண்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்வது, ஓடிவந்தவர்களுக்கு ஒரு கூரை தேடித் தருவது, வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுப்பது என்று வெளிச்சம் படாத வேலைகளை வருடக்கணக்கில் செய்தார்கள். பெண்ணிய வட்டாரமும் இலக்கிய வட்டாரமும் திருச்சூரில் வலுவாக இருந்தன. ஊர்வலம் அங்கே தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. கொச்சி பணத்துக்கு, திருவனந்தபுரம் அதிகாரத்துக்கு; ஒரு கருத்துக்காக மழையில் நனையத் தயாராக இருப்பவர்கள் திருச்சூரில்தான் அதிகம். எர்ணாகுளத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி, ஏன் ஒரே ஊரில் தங்கவில்லை என்பதற்கு வருகிறேன். நடத்துபவர்கள் ஆளுக்கு ஆள் வேறு காரணம் சொல்வார்கள். ஒரே ஊரில் ஒரே சிலர் வருடா வருடம் சுமக்க முடியாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மாவட்டத்தில் குழு கூடி, நன்கொடை திரட்டி, போலீஸ் அனுமதி வாங்கி, இரண்டு மூன்று நாள் கருத்தரங்கு, கலை நிகழ்ச்சி என்று நடத்தி, கடைசியில் ஊர்வலம் போவார்கள். இது நடைமுறைக் காரணம். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. கேரளத்தில் பெருநகரம் என்று ஒன்று கிடையாது. காசர்கோட்டிலிருந்து பாறசாலை வரை ஒரே நீள ஊர். வீட்டுக்கு வீடு தென்னையும் மதில் சுவரும், மதிலுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா. சென்னைக்கு ஓடிப்போனால் கூட்டத்தில் கரைந்துவிடலாம். கேரளத்துக்குள் எங்கே போனாலும் ‘நீ இன்னாருடைய மகன் அல்லவா’ என்று கேட்க ஆள் இருக்கும். அப்படிப்பட்ட நாட்டில் ஊர்வலம் ஓர் ஊரில் நின்றுவிட்டால், மற்ற ஊர்க்காரர்கள் ‘அது கொச்சியில் நடக்கும் கூத்து’ என்று கையைக் கழுவிவிடுவார்கள். அது கோழிக்கோட்டுக்கு வந்தால் கோழிக்கோட்டுக்காரன் தன் கடைத்தெருவில் அதைப் பார்க்க வேண்டும், மலப்புறத்துக்கு வந்தால் மலப்புறத்துக்காரன். நடப்பவர்களுக்கும் இது சௌகரியம். திருச்சூர்ப் பையன் திருவனந்தபுரத்தில் முகமூடி இல்லாமல் நடப்பான். திருவனந்தபுரத்துப் பெண் திருச்சூரில் நடப்பாள். சொந்த ஊரில் நடக்கும் வருடம் மட்டும் அவர்களுக்கு வயிறு கலங்கும். சொந்த ஊரில் நடப்பவன் மற்ற எல்லோரையும் விடக் கொஞ்சம் வேகமாக நடக்கிறான் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தேதியும் இதே போல நிலையில்லாதது. முதலில் ஜூலை, பின்னால் ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் என்று நகர்ந்திருக்கிறது. சென்னை ஜூன் மாதத்தை விடுவதில்லை. அங்கே ஜூனில் வெயில் கொளுத்தும், இங்கே ஜூனில் குடை பறக்கும். தீர்ப்பு எந்த நாளில் வந்தாலும், இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை அதை மதிக்காது.

நடுவில் ஒரு இருட்டுக் காலம். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. ஒரே பகலில் மறுபடி குற்றவாளி ஆனோம். அன்று நான் அச்சகத்தில் ஐயப்ப பக்தர்களுக்கான ஒரு துண்டறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி. முதலாளி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15இல், அதே உச்ச நீதிமன்றம் வேறோர் வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. திருநங்கை, திருநம்பி என்று தன்னை அறிவிக்கலாம். ஆனால் அவர் யாரை நேசிக்கிறார் என்பது குற்றமாகலாம். இந்தக் குழப்பத்தின் நடுவில் நடந்ததுதான் 2014ஆம் ஆண்டின் கொச்சி ஊர்வலம். நீங்கள் கொச்சி என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பத்திரிகையில் நிறையப் படம் வந்தது.

மற்றொரு காரணம் மெட்ரோ. 2015 நவம்பரில் கேரளம் நாட்டிலேயே முதலாவதாக மாநிலத் திருநர் கொள்கையை வெளியிட்டது. அதற்கு முன் எடுத்த கணக்கெடுப்பில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களே ஏராளம் என்று வெளிவந்ததுதான் அரசை அசைத்தது. 2017இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது திருநர் 23 பேருக்கு வேலை என்று உலகம் முழுவதும் செய்தி. அதற்கடுத்த செய்தியை உலகம் அவ்வளவாகப் படிக்கவில்லை: சில நாட்களிலேயே எட்டுப் பேர் வேலையை விட்டார்கள், ஏனென்றால் நகரத்தில் யாரும் வாடகைக்கு அறை கொடுக்கவில்லை. சம்பளத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் ஒத்துவரவில்லை. டிக்கெட் கொடுக்கலாம், குடியிருக்கக் கூடாது. கொள்கை என்பது வேறு, வீட்டுக்காரர் என்பவர் வேறு.

இங்கே என் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டுகளில் மலையாளப் பத்திரிகைகள் இந்த ஊர்வலத்தை ‘டிரான்ஸ்ஜெண்டர் ஊர்வலம்’ என்றே எழுதின. திருநங்கைகள் முன்வரிசையில் நிற்பது நியாயம். உதையும் அவமானமும் முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான். ஆனால் அரசுக்கும் பத்திரிகைக்கும் இது ஒரு வசதியும் ஆயிற்று. ஒரு பிரிவினருக்குக் கொள்கை, கல்லூரியில் கூடுதல் இடம் என்று கொடுத்துவிட்டு, ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண் என்ற பேச்சையே எடுக்காமல் இருந்துவிடலாம். ஊர்வலத்தைத் தொடங்கிவைத்த பெண்கள் அந்தப் புகைப்படங்களில் ஓரத்தில் நின்றார்கள். எனக்கு அது உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். மலையாளத்தில் முதலில் ‘பின்னலிங்கக்காரர்’ என்று எழுதினார்கள். மாறுபட்ட பாலினம் என்ற பொருள். எதிலிருந்து மாறுபட்டது என்ற கேள்வி உடனே வருகிறதல்லவா? அவர்களே வேண்டாம் என்றார்கள். இப்போது ‘டிரான்ஸ்ஜெண்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லே அங்கே நிலைத்துவிட்டது. ‘க்வியர்’ என்பதும் அப்படியே. தமிழில் நாம் சொல் உண்டாக்குவதில் கெட்டிக்காரர்கள்: திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு, பால்புதுமையர். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் போலீசுக்கும் பத்திரிகைக்கும் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுக்கும் உத்தரவுகளைப் போட்டார். தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதினார். அதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. ஊர்வலத்துக்கும் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: வானவில் பேரணி, சுயமரியாதைப் பேரணி. மலையாளத்தில் ‘ஸ்வாபிமான யாத்ரா’ என்பார்கள். சுயமரியாதை என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஒரு நூற்றாண்டுச் சூடு இருக்கிறது. ஸ்வாபிமானம் நல்ல சொல்தான், ஆனால் குளிர்ந்த சொல்.

நம் பழக்கத்தில் இதெல்லாம் முன்பே உண்டு, தனியாக ஊர்வலம் எதற்கு என்று ஒரு வாதம் வரும். உங்களிடமும் சொல்வார்கள். கொல்லம் மாவட்டத்தில் சவறைக்கு அருகே கொற்றன்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் 10, 11 தேதிகளில் சமயவிளக்கு. ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டிப் பூ வைத்து விளக்கேந்தி நிற்பார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம் பாலக்காட்டுச் சித்தூரிலேயே கொங்கன் படைத் திருவிழா இருக்கிறதே. கொங்கு நாட்டுப் படையைப் பகவதி விரட்டியடித்த நாள் என்று வருடா வருடம் கொண்டாடுகிறார்கள். தமிழ் பேசும் நாமும் போய்க் கடலை வாங்கித் தின்றுகொண்டே, நம் ஆட்கள் தோற்பதைக் கைதட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். அன்று மாலை சிறுவர்களுக்குப் பெண் வேடம் போட்டு அப்பாவோ மாமாவோ தோளில் தூக்கி வருவார்கள். என்னையும் தூக்கியிருக்கிறார்கள். பாவாடை, சாந்துப் பொட்டு, கனகாம்பரம். என் மாமாவின் தோளில் எவ்வளவு பெருமை! பத்து வருடம் கழித்து என் நடை சரியில்லை என்று அதே மாமாதான் பிரம்பை எடுத்தார். வேண்டுதலுக்குக் கட்டிய புடவையை விடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும் என்பதுதான் அதிலுள்ள ஒப்பந்தம். விடிந்த பிறகும் அவிழ்க்காதவர்களுக்குத்தான் ஊர்வலம் தேவைப்பட்டது.

2018க்கு வருகிறேன். அது நான் நடந்த வருடம். ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியது. செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரே குரலில் 377இன் பல்லைப் பிடுங்கினார்கள். அக்டோபரில் ஊர்வலம், மறுபடி திருச்சூர். பாதி வீடுகளில் சுவரில் சேற்றுக் கோடு இன்னும் காயவில்லை. எட்டு வருடம் முன்னால் குடையோடு நின்ற அதே ஊர். இந்த முறை யாரிடமும் காகிதக் கட்டு என்று சொல்லவில்லை. வேலைக்கு ஓய்வு கொடுத்திருந்தேன், அம்மா போய்ச் சேர்ந்திருந்தார். பொய் சொல்ல ஆள் குறைந்துவிட்டால் தைரியம் தானாக வருகிறது.

அட்டையில் ஒரு தட்டி எழுதிக்கொண்டு போனேன், தமிழில்: ‘நாங்களும் இந்த ஊர்தான்’. முப்பது வருட எழுத்துக்காரன், கையால் எழுதும்போது ‘ஊ’வின் கொம்பு கோணிவிட்டது. செண்டை முழங்க, ஜாதாவுக்கே உரிய தாளத்தில் கோஷம் போட்டு, ஆடிக்கொண்டு போனார்கள் பிள்ளைகள். என் வயதில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். ஒரு பெண் என் தட்டியைப் படிக்க முயன்று, அது என்ன என்று மலையாளத்தில் கேட்டாள், சொன்னேன். “ஏது ஊர்?” என்றாள். கொழிஞ்சாம்பாறை என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் வேலந்தாவளம். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லாத இடத்துக்காரியைப் பார்க்க நான் திருச்சூருக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகு அவளும் நானும் தமிழிலேயே பேசிக்கொண்டு நடந்தோம்.

இது உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில். தமிழ்க்காரன் போனால் என்ன நினைப்பார்கள்? ஊருக்குள் நம்மைப் ‘பாண்டி’ என்பார்கள், பொள்ளாச்சிக்குப் போனால் ‘மலையாளத்தான்’ என்பார்கள். எல்லைக்காரனுக்கு இது பழகிப்போன ஒன்று. அந்த ஊர்வலத்தில் மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே நிற்கும் திருநங்கைகளில் பலர் வீட்டைவிட்டு ஓடித் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள். சித்திரையில் கூவாகத்துக்குப் போகும் கேரளத்துக்காரர்கள் எத்தனையோ பேர். தாய் என்று அவர்கள் கூப்பிடுகிற மூத்தவர் ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். தமிழ் அங்கே அந்நிய மொழி அல்ல, அடைக்கலம் கொடுத்த மொழி.

2018க்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019இல் கொச்சி. அதன் பிறகு கொரோனா, தெருவில் நடக்க வழியில்லை. அந்த இடைவெளியில் போராட்டம் நீதிமன்றத்துக்குள் போயிற்று. குருவாயூரில் யாருக்கும் தெரியாமல் மோதிரம் மாற்றிக்கொண்ட ஓர் ஆண் இணை, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் தங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 மே 31இல், பெற்றோர் பிரித்துக் கொண்டுபோன ஒரு பெண்ணை அவள் துணைவியோடு வாழ அதே நீதிமன்றம் அனுப்பிவைத்தது. நாலு வரிச் செய்தியாக முடிந்திருக்கக்கூடிய இருவர் கைகோத்து நீதிமன்றப் படியிறங்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்துக்கு வந்தது. அந்தப் படத்தை வெட்டி வைத்திருக்கிறேன். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமணம் அடிப்படை உரிமை அல்ல, நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அந்த மாதமே ஊர்வலம் மலப்புறத்துக்குப் போனது. எதிர்ப்பு இருந்தது, ஊர்வலமும் இருந்தது.

நீங்கள் போவதானால் சில நடைமுறை விஷயங்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போன வருடத்து ஊருக்குப் போய் நின்றால் காலித் தெருவைத்தான் பார்ப்பீர்கள். திருச்சூரோ எர்ணாகுளமோ என்றால் கோயம்புத்தூரிலிருந்து காலையில் ரயில் ஏறினால் போதும். முதல் முறை நடைபாதையில் நின்று பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, நான் எட்டு வருடம் நின்றேன். படம் எடுங்கள், ஆனால் மற்றவர் முகம் தெரிகிற படத்தை அவரைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். கொல்லங்கோட்டிலிருந்து ஒரு படம் வண்டித்தாவளம் போய்ச் சேர இப்போது அரை நிமிடம்தான். உங்கள் முகத்துக்கும் அதுதான் பொருந்தும். யாரோ எடுக்கத்தான் செய்வார்கள், அதை யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். மழை இல்லாத மாதம் என்றாலும் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். வண்ணப்பொடி தூவுவார்கள். திரும்பும்போது ரயிலிலேயே கழுவிவிடலாம் என்று நினைத்தேன். முகத்தில் போயிற்று, காதோரத்தில் போகவில்லை. மறுநாள் காலை பால்காரர் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன் என்றேன். அவர் திரும்பி எங்கள் கேட்டைப் பார்த்தார்.